சென்னையைக் கறுப்பு வெள்ளையில் படமெடுக்க: நேரம், அனுமதி, செலவு

சென்னை உயர் நீதிமன்றத்தின் செங்கல் சிவப்பையும் அதன் முன்னால் நிற்கும் மரத்தின் பச்சையையும் நம் கண் நொடியில் பிரித்தறிந்துவிடும். அதே காட்சியைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றினால் இரண்டும் ஏறக்குறைய ஒரே சாம்பலாகி, கட்டடம் எங்கே முடிகிறது, மரம் எங்கே தொடங்குகிறது என்பதே தெரியாமல் போகும். புதிதாகத் தொடங்குபவர்கள் முதலில் முட்டிக்கொள்ளும் சுவர் இதுதான்.

ஒரு நகரக் காட்சி கறுப்பு வெள்ளையில் மனத்தைத் தைக்கிறது என்றால், அங்கே வெளிச்சமும் இருளும் தெளிவாகப் பிரிந்திருக்கின்றன என்று பொருள். வெறுமை, தனிமை, பழமையின் பாரம் என்று நாம் பெயர் சொல்லும் உணர்வுகள் எல்லாம் இந்தப் பிரிவை நம்பித்தான் நிற்கின்றன. கணினியில் பின்னர் செய்யும் திருத்தம் அதற்கு ஓரளவே உதவும். சூரியன் எந்தப் பக்கம் இருக்கும்போது, எந்த நடைபாதையில் நின்று எடுத்தீர்கள் என்பதே பெரும்பகுதியைத் தீர்மானிக்கிறது. அங்கே நிற்க உங்களை விடுவார்களா என்பது அதற்கு அடுத்த கேள்வி.

கீழே உள்ள விவரங்கள் எனக்கு ஒரே இடத்தில் கிடைக்கவில்லை. கடை கடையாகவும் அலுவலகம் அலுவலகமாகவும் அலைந்து திரட்டியவை. தொகைகள் எல்லாம் தோராயமானவை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, வாங்கும் முன் இரண்டு கடைகளிலாவது விசாரித்துக்கொள்ளுங்கள்.

1. எந்த உணர்வைத் தேடுகிறீர்கள் என்று எழுதி வையுங்கள்

கேமராவைத் தொடும் முன்பே இதைச் செய்யச் சொல்வது சிலருக்குச் சிரிப்பாக இருக்கலாம். ஆனால் தேடும் உணர்வைப் பொறுத்தே இடமும் நேரமும் கருவியும் மாறுகின்றன என்பதால், இதை முடிவு செய்யாமல் கிளம்பினால் நாள் முழுக்கச் சுற்றி, ஒன்றோடொன்று ஒட்டாத படங்களோடு வீடு திரும்புவீர்கள்.

வெறுமை வேண்டுமென்றால் பறக்கும் ரயில் தடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1995-இல் சேப்பாக்கம் வரையிலும் 2007-இல் வேளச்சேரி வரையிலும் வந்த இந்தத் தடத்தின் நிலையங்கள், அங்கே வந்துபோகும் கூட்டத்துக்குச் சற்றும் பொருந்தாத அளவுக்குப் பெரியவை. திருவல்லிக்கேணி, திருமயிலை போன்ற நிலையங்களின் கீழும் பக்கிங்காம் கால்வாயை ஒட்டியும் வரிசையாக நிற்கும் கான்கிரீட் தூண்களுக்கு இடையே மாலை வெயில் சாய்வாக விழும்போது, ஒரே ஓர் ஆள் நடந்துபோனாலும் அந்த இடத்தின் பரிமாணம் புரிந்துவிடும். கான்கிரீட் ஏற்கெனவே சாம்பல் நிறம் என்பதால் கண்ணில் படுவதே படத்தில் விழும். வண்ணங்களை மனத்தில் மொழிபெயர்த்துப் பழகாத புதியவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சிக் களம் சென்னையில் இல்லை என்பது என் கருத்து.

பழமையின் பாரம் வேண்டுமென்றால் ஜார்ஜ் டவுனுக்குச் செல்லுங்கள். தம்பு செட்டி தெரு, லிங்கி செட்டி தெரு, அரண்மனைக்காரன் தெரு ஆகியவை வடக்கு தெற்காக ஓடுபவை; சுண்ணாம்பு உதிர்ந்த சுவர்களும் மரச் சட்டங்களும் அங்கே இன்னும் மிச்சமிருக்கின்றன. உதிர்ந்த சுவரின் மேடுபள்ளம் படத்தில் தெரிய வேண்டுமானால் வெயில் சுவரின் பக்கவாட்டிலிருந்து உரசிக்கொண்டு வர வேண்டும். நேருக்கு நேராக விழுந்தால் சுவர் தட்டையாகிவிடும். தலைக்கு மேல் பின்னிக் கிடக்கும் மின்கம்பிகளும் கேபிள்களும் வெளுத்த வானத்தின் முன்னால் கரிய கோடுகளாகத் துருத்தும். அவற்றைப் பின்னர் அழித்துக்கொள்ளலாம் என்று எண்ணாதீர்கள். ஒன்று அவற்றையே படத்தின் பொருளாக்குங்கள், அல்லது வானத்தைப் படச் சட்டத்துக்கு வெளியே தள்ளுங்கள்.

பூக்கடைப் பகுதியின் நெரிசலைத் தேடுபவர்களுக்கு இந்தக் கட்டுரையில் அதிகம் இல்லை. அது வேறு வகைப் படப்பிடிப்பு.

2. கருவி: குறைவாக வாங்குங்கள், பார்த்து வாங்குங்கள்

டிஜிட்டலில் தொடங்குவதே சிக்கனம். பழைய மாடல் கேமரா ஒன்று லென்சுடன் பயன்படுத்திய நிலையில் ரூ.15,000 முதல் ரூ.30,000 வரை கிடைக்கும். வாங்கும்போது லென்சின் பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து, முன்பக்கம் வழியாகப் பாருங்கள். சிலந்தி நூல் போல மெல்லிய இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. சென்னையின் ஈரக்காற்றில் இது மிகச் சாதாரணம். துடைத்துத் தருகிறேன் என்று விற்பவர் சொன்னாலும் அந்த லென்சை விட்டுவிடுங்கள்.

கேமராவின் அமைப்பில் காட்சித்திரையைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றிக்கொண்டு, கோப்பு வகையை மட்டும் ‘ரா’ (RAW) என்று வையுங்கள். படமெடுக்கும்போது திரையில் சாம்பல் நிறங்கள் தெரியும். கோப்பிலோ வண்ணத் தகவல் முழுதும் இருக்கும். ஜேபெக்கில் மட்டும் கறுப்பு வெள்ளையாக எடுத்தால், சிவப்பையும் பச்சையையும் பின்னர் தனித்தனியாக வெளிச்சப்படுத்தும் வாய்ப்பு அடியோடு போய்விடும்.

பிலிமில்தான் எடுப்பேன் என்று ஆசைப்படுபவர்கள் கணக்கைப் பார்த்துவிட்டு இறங்குங்கள். 36 படங்கள் கொண்ட, 400 ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர் அளவு) கறுப்பு வெள்ளைச் சுருள் ஒன்று ரூ.800 முதல் ரூ.1,200 வரை, அதைக் கழுவி ஸ்கேன் செய்ய ரூ.400 முதல் ரூ.800 வரை. ஆக, ஷட்டரை ஒருமுறை அழுத்தினால் ஏறத்தாழ 33 முதல் 56 ரூபாய். பழைய பிலிம் கேமரா வாங்கும்போது பின்கதவின் ஓரத்திலுள்ள கறுப்புப் பஞ்சு பிசுபிசுத்து உதிர்கிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். உதிர்ந்தால் வெளிச்சம் உள்ளே கசியும். சில பழைய மாடல்களின் ஒளிமானிக்குப் பாதரச பேட்டரி தேவைப்படும். அது இப்போது சந்தையில் இல்லை. மாற்று பேட்டரி போட்டால் அளவீடு பிசகும். எந்த பேட்டரி என்று கேட்காமல் பணம் கொடுக்க வேண்டாம்.

மற்றவை: முக்காலி ரூ.2,000 முதல் ரூ.5,000, பத்து நிறுத்த அடர் வடிகட்டி (லென்சின் முன் மாட்டி வெளிச்சத்தைக் குறைக்கும் கருங்கண்ணாடி; ஒரு நிறுத்தம் என்பது வெளிச்சத்தைப் பாதியாக்குவது அல்லது இரட்டிப்பாக்குவது) ரூ.1,500 முதல் ரூ.4,000, காற்றுப் புகாத பெட்டியும் சிலிக்கா ஜெல்லும் சேர்த்து ரூ.1,000-க்குள். கடைசியாகச் சொன்னதை முதலில் வாங்குங்கள்.

3. சூரியனின் நாட்காட்டியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்

சென்னை ஏறத்தாழ 13 பாகை வட அட்சரேகையில் இருப்பதால், குளிர்நாட்டுப் புகைப்படக்காரர்கள் எழுதும் ஒளி ஆலோசனைகள் பல இங்கே செல்லுபடியாவதில்லை. ஏப்ரல் நான்காம் வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கிறது. நிழல் காலடிக்குள் சுருண்டுவிடும் அந்த வேளையில் கட்டட முகப்பு எதுவும் படத்தில் எடுபடாது. இவ்விரண்டு தேதிகளுக்கும் இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே இருக்கிறது. மற்ற மாதங்களில் தெற்கே. டிசம்பர் கடைசியில் நண்பகலிலும் 54 பாகை உயரத்துக்கு மேல் ஏறுவதில்லை.

இது ஏன் முக்கியம் என்பதற்கு இரண்டு கட்டடங்களைப் பாருங்கள். 1913-இல் கட்டி முடிக்கப்பட்ட ரிப்பன் கட்டடம் வெண்மையானது, தெற்கு நோக்கியது. ஜூன் மாத நண்பகலில் அதன் முகப்பு நிழலில் கிடக்கும். டிசம்பரிலும் ஜனவரியிலும் காலை ஒன்பது மணி வாக்கில் வெயில் சாய்வாக விழுந்து, வளைவு ஒவ்வொன்றுக்கும் அடியில் கரிய நிழல் படியும். உயர் நீதிமன்றத்தை நாம் பொதுச் சாலையிலிருந்து பார்ப்பது பெரும்பாலும் என்.எஸ்.சி. போஸ் சாலையின் பக்கம், அதாவது வடக்கிலிருந்து. டிசம்பரில் சூரியன் அதன் பின்னால் இருப்பதால் செங்கல்லின் விவரம் எதுவும் கிடைக்காது. ஆனால் குவிமாடங்களும் கோபுரங்களும் வானத்தின் முன்னால் கரிய உருவங்களாக எழும். விவரம் வேண்டுபவர் மே, ஜூன், ஜூலையில் செல்ல வேண்டும்; உருவம் வேண்டுபவர் டிசம்பரில். இரண்டையும் ஒரே நாளில் எடுக்க முயன்றால் இரண்டுமே கிடைக்காது.

சூரிய உதயம் மே இறுதியில் ஏறத்தாழ 5.40 மணிக்கும் ஜனவரி இறுதியில் 6.35 மணிக்கும் நிகழ்கிறது. அஸ்தமனம் நவம்பரில் 5.40, ஜூலையில் 6.40. உதயத்துக்கு அரை மணி நேரம் முன்பே இடத்தில் நிற்க வேண்டும் என்று கணக்கிட்டு, பேருந்தோ ஆட்டோவோ முதல் நாளே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். கிழக்கு மேற்காக ஓடும் சாலைகளின் வழியே சூரியன் நேராக எட்டிப் பார்ப்பது மார்ச் 21, செப்டம்பர் 23 ஆகிய நாட்களை ஒட்டித்தான். டிசம்பரில் அது தெற்கே 24 பாகை அளவுக்கு விலகி உதிக்கும்.

மாதங்களில் எனக்குப் பிடித்தது மார்கழி. வடகிழக்குப் பருவமழை கழுவிவிட்ட வானம், ஆங்காங்கே வெண்மேகம், விடியலில் மெல்லிய பனி. பனி தூரத்துக் கட்டடங்களை வெளுக்கச் செய்து, அருகிலுள்ளவற்றைக் கருமையாக நிறுத்துவதால், வண்ணம் இல்லாத படத்தில் ஆழத்தைக் காட்ட அதைவிடச் சிறந்த துணை கிடையாது. போகியன்று காலையில் புகையும் சேர்ந்துகொள்ளும். மூச்சுத் தொல்லை உள்ளவர்கள் அன்றைக்கு வீட்டிலேயே இருப்பது நல்லது. மே மாத வானம் நீலமாகத் தோன்றினாலும் கடலோர மங்கலால் வெளுத்தே இருக்கும். லென்சின் முன் சிவப்புக் கண்ணாடி வடிகட்டி போட்டாலும் அதைக் கருமையாக்க முடியாது.

4. ஆவணங்களும் அனுமதியும்

பொதுச் சாலையில் நின்று, கையில் பிடித்த கேமராவால், சொந்தத் தேவைக்குக் கட்டடங்களைப் படமெடுப்பதற்கு நான் எங்கும் அனுமதிச் சீட்டு வாங்கியதில்லை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கட்டடக்கலைப் படைப்பைப் புகைப்படம் எடுப்பதும் வெளியிடுவதும் உரிமை மீறல் ஆகாது என்று சொல்கிறது; பொது இடத்தில் நிலையாக வைக்கப்பட்ட சிலைகளுக்கும் அது பொருந்தும். சுவரோவியங்களை அந்தப் பிரிவு அதே தெளிவோடு காப்பதில்லை என்பதால், கண்ணகி நகர்ச் சுவரோவியங்களைப் போன்றவற்றை படம் முழுக்க நிரம்பும்படி எடுத்து விற்பனைக்கு வைக்கும் முன் ஓவியரிடம் எழுத்தில் ஒப்புதல் பெறுங்கள்.

சிக்கல் தொடங்குவது முக்காலியை விரிக்கும்போதுதான். அதைப் பார்த்த மாத்திரத்தில் காவலருக்கும் காவலாளிக்கும் சினிமாப் படப்பிடிப்பு நினைவு வந்துவிடும். எனவே எப்போதும் ஒரு கோப்புறையில் இவற்றை வைத்துக்கொள்ளுங்கள்: அடையாள அட்டையின் நகல், கேமரா வாங்கிய ரசீதின் நகல், மாணவராக இருந்தால் கல்லூரியின் கடிதம், அனுமதி பெற்ற இடங்களுக்கு அனுமதிக் கடிதத்தின் இரண்டு பிரதிகள். இரண்டு எதற்கென்றால், ஒன்றை வாயிற்காவலர் வாங்கி வைத்துக்கொள்வார். பழைய கேமராவுக்கு ரசீது இல்லாவிட்டால், விற்றவரிடம் வரிசை எண்ணைக் குறிப்பிட்டு ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ரயில் நிலையங்களில் நடைமேடைச் சீட்டு உள்ளே நிற்பதற்கு மட்டுமே. அது படமெடுக்கும் அனுமதி ஆகாது. சென்டிரல், எழும்பூர், பறக்கும் ரயில் நிலையங்கள் எதுவானாலும் உட்புறத்தை முக்காலியோடு எடுக்க விரும்பினால் தெற்கு ரயில்வேயின் மக்கள் தொடர்புப் பிரிவுக்கு எழுத்தில் விண்ணப்பியுங்கள். மெட்ரோவில் நிலையக் கட்டுப்பாட்டாளரிடம் கேட்காமல் கேமராவை வெளியே எடுக்க வேண்டாம். தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள சின்னங்களில் முக்காலிக்கு முன் அனுமதி தேவை. உயர் நீதிமன்ற வளாகம் 2015 முதல் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையின் காவலில் இருக்கிறது. உள்ளே எடுக்கும் எண்ணத்தைக் கைவிட்டு, சாலையோடு நின்றுகொள்ளுங்கள். துறைமுகத்தையும், கோட்டையையும் தீவுத்திடலையும் ஒட்டிய ராணுவப் பகுதிகளையும் எடுப்பது 1923-ஆம் ஆண்டு அலுவலக ரகசியச் சட்டம் வரை இழுத்துவிடக்கூடும். அங்கே தவறுதலாகக் கேமராவை உயர்த்துவதும் வேண்டாம்.

விண்ணப்பத்தில் இருக்க வேண்டியவை: பெயர், முகவரி, தொலைபேசி எண், படமெடுக்கும் தேதியும் மாற்றுத் தேதியும், தொடங்கும் முடியும் நேரம், கருவிகளின் பட்டியல், உடன் வருவோர் எண்ணிக்கை, வணிக நோக்கம் இல்லை என்ற உறுதிமொழி. மாற்றுத் தேதியை எழுதாமல் விட்டால் மழை பெய்து கெடுத்த நாளுக்காக மறுபடியும் முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டிவரும். குறைந்தது மூன்று வாரம் முன்னதாகக் கொடுங்கள்; நேரில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். ஓர் அலுவலகத்தில் என் மனு வந்து சேரவே இல்லை என்று சாதித்தார்கள். முத்திரை குத்திய நகலைக் காட்டிய பிறகுதான் அது மேசையின் இன்னொரு மூலையிலிருந்து வெளியே வந்தது.

உயரத்திலிருந்து நகரைப் பார்க்கும் படத்துக்கு எல்லோரும் ட்ரோனை நினைக்கிறார்கள். 2021-ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி டிஜிட்டல் ஸ்கை என்ற அரசு இணையதளத்தின் வரைபடத்தில் பறக்கவிட அனுமதியுள்ள மண்டலத்தைப் பார்த்து, பதிவெண் பெற்று, விமான நிலையத்தின் தூரத்தைக் கணக்கிட்டுப் பறக்கவிடுவது தொடக்கக்காரர் வேலையல்ல. மெரினாவின் கலங்கரை விளக்கத்தில் மின்தூக்கி உண்டு. நுழைவுக் கட்டணமும் கேமராவுக்குத் தனிக் கட்டணமும் செலுத்தினால் மேலே நின்று மயிலாப்பூரையும் கடற்கரையையும் எடுக்கலாம். பார்வை நேரத்தின் பிற்பகல் பகுதியில் ஏறினால் கட்டடங்களின் நிழல் கடலை நோக்கி நீண்டிருக்கும்.

5. இடத்தில் நின்று செய்ய வேண்டியவை

குளிரூட்டிய அறையிலிருந்தோ காரிலிருந்தோ நேராக வெளியே வந்து லென்ஸ் மூடியைத் திறக்காதீர்கள். கண்ணாடி முழுக்க ஆவி படியும். கேமராவைப் பைக்குள் வைத்தபடியே இருபது நிமிடம் விட்டுவிட்டால் வெளிச் சூட்டுக்கு வந்துவிடும்.

ஒளிமானி எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பலாகவே கருதும். ரிப்பன் கட்டடத்தை அது சொன்னபடி எடுத்தால் வெண்மை அழுக்குச் சாம்பலாகும். ஒன்று முதல் ஒன்றரை நிறுத்தம் கூட்டுங்கள். நிழலடைந்த சந்து ஒன்றை எடுக்கும்போது, இருள் இருளாகவே வேண்டுமானால், ஒரு நிறுத்தம் குறையுங்கள். டிஜிட்டலில் வெளுத்துப் போன இடம் திரும்பாது. பிலிமில் கறுத்துப் போன நிழல் திரும்பாது. ஆகவே முன்னதில் வெளிச்சத்தையும் பின்னதில் நிழலையும் பார்த்து அளவெடுங்கள்.

பிலிம்காரர்களுக்கு வண்ண வடிகட்டிகள் தேவைப்படும். மஞ்சள் ஒரு நிறுத்தமும் ஆரஞ்சு இரண்டும் சிவப்பு மூன்றும் வெளிச்சத்தை விழுங்கும். தெளிந்த நீல வானத்தை மஞ்சள் சற்றே ஆழமாக்கும். சிவப்பு ஏறக்குறைய கருமையாக்கிவிடும். வெள்ளைக் கட்டடத்துக்குப் பின்னால் கரிய வானம் முதற்பார்வையில் மயக்கும் என்றாலும், எல்லாப் படத்திலும் அதையே செய்தால் பத்தாவது படத்தில் சலித்துவிடும். செங்கல் கட்டடத்தைச் சிவப்பு வடிகட்டியோடு எடுத்தால் செங்கல் வெளுத்து, மரங்கள் கறுக்கும். தொடக்கத்தில் சொன்ன உயர் நீதிமன்றச் சிக்கலுக்கு இதுவே விடை. அங்கே ஆரஞ்சே போதும் என்பேன்.

நேப்பியர் பாலம் தனியாகச் சொல்லப்பட வேண்டியது. 2022-இல் செஸ் ஒலிம்பியாடையொட்டி அதற்குச் சதுரங்கக் கட்டங்களாக வண்ணம் தீட்டியபோது, கறுப்பு வெள்ளைக்கென்றே செய்தது என்று எண்ணி இளைஞர்கள் கேமராவோடு குவிந்தார்கள். வளைவின் நிழலும் வளைவின் மேலுள்ள கட்டமும் ஒன்றோடொன்று போட்டியிட்டால் வடிவமே சிதறிப்போகும் என்பதை அந்தப் படங்கள் காட்டின. இருள் நிறமான பொருள் வேறு, இருளில் இருக்கும் பொருள் வேறு. உணர்வைக் கிளப்புவது பெரும்பாலும் இரண்டாவதுதான்.

போக்குவரத்து மிகுந்த சாலையை வெறிச்சோடியதாகக் காட்ட விரும்பினால் பத்து நிறுத்த வடிகட்டியைப் போடுங்கள். நொடியில் அறுபதில் ஒரு பங்காக இருந்த ஷட்டர் திறப்பு நேரம் ஏறத்தாழ 17 நொடியாகும். நடப்பவர்கள் கரைந்து மறைவார்கள், நிற்கும் மாட்டுவண்டியோ தூங்குபவரோ மட்டும் மிஞ்சுவார். வாகன விளக்குகள் கோடுகளாகப் பதியும் என்பதால் விளக்கேற்றும் நேரத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள். மிஞ்சும் அந்த ஒருவரின் முகம் அடையாளம் தெரியும்படி இருந்தால், கேட்டுவிட்டு எடுங்கள். விளம்பரத்துக்கோ விற்பனைக்கோ என்றால் கையெழுத்திட்ட ஒப்புதல் கட்டாயம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

6. பிலிமைக் கழுவக் கொடுப்பதில் உள்ள கண்ணிகள்

பேட்டைக்குப் பேட்டை உள்ள கலர் லேப்களில் இன்னும் சில பிலிம் கழுவுகின்றன. அவை பயன்படுத்துவது சி-41 என்ற வண்ண முறை. எச்.பி.5 பிளஸ், டிரை-எக்ஸ் போன்ற, வெள்ளியால் பிம்பம் உருவாகும் கறுப்பு வெள்ளைப் பிலிமை அங்கே கொடுத்தால், வெளுப்புக் கரைசல் பிம்பத்தின் வெள்ளி முழுவதையும் கரைத்து, வெறும் பிளாஸ்டிக் நாடாவைத் திருப்பித் தரும். எக்ஸ்.பி.2 சூப்பர் மட்டுமே சி-41-இல் கழுவத்தக்க கறுப்பு வெள்ளைச் சுருள். கொடுக்கும்போது ரசீதிலேயே ‘கறுப்பு வெள்ளை முறை’ என்று எழுதச் சொல்லுங்கள். சென்னையில் இதைச் செய்பவர்கள் குறைவு. சிலர் சுருள்கள் சேரும்வரை காத்திருந்து மொத்தமாகக் கழுவுவதால் இரண்டு வாரம் ஆகலாம்.

மெட்ரோ நிலையங்களிலும் பெரிய ரயில் நிலையங்களிலும் பை எக்ஸ்ரே கருவி வழியாகச் செல்கிறது. 400 ஐ.எஸ்.ஓ. சுருளுக்கு ஒன்றிரண்டு முறை ஒன்றும் செய்யாது. அதே சுருளைப் பையில் போட்டுக்கொண்டு தினமும் மெட்ரோவில் சென்றால் மங்கல் சேர்ந்துகொண்டே போகும். சட்டைப்பையில் வைத்துக்கொண்டால் முடிந்தது.

வீட்டிலேயே கழுவ நினைப்பவர்களுக்குப் பகை நமது தண்ணீர்தான். டி-76 என்ற டெவலப்பர் கரைசலைச் சம அளவு நீரோடு கலந்தால் எச்.பி.5 பிளஸுக்கு 20 பாகை செல்சியஸில் 11 நிமிடம் தேவை. கோடையில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் நீர் 30 பாகையைத் தாண்டும். அந்தச் சூட்டில் நேரம் மிகவும் சுருங்கி, திட்டுத் திட்டாகப் பிம்பம் விழும். கரைசல் பாட்டில்களைப் பனிக்கட்டி போட்ட பக்கெட்டில் நிறுத்துங்கள். பனிக்கட்டியைக் கரைசலுக்குள் போட்டால் நீர்த்துவிடும். கடைசி அலசலுக்கு ஆழ்துளைக் கிணற்று நீரைத் தொடாதீர்கள்; உப்புப் புள்ளிகள் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். காய்ச்சி வடித்த நீர் ஒரு லிட்டர் போதும்.

7. கணினியில்

ரா கோப்பைத் திறந்து, கறுப்பு வெள்ளைப் பிரிவிலுள்ள வண்ணப் பட்டைகளை ஒவ்வொன்றாக நகர்த்துங்கள். நீலத்தைக் கீழே இறக்கினால் வானம் கறுக்கும்; ஆரஞ்சையும் சிவப்பையும் ஏற்றினால் செங்கல் ஒளிரும். நீலத்தை எல்லை வரை இழுத்தால் கூரையின் விளிம்பில் வெண்கோடு ஒன்று தோன்றி, வானத்தில் மணல் இறைத்தாற்போல இரைச்சல் எழும். அங்கிருந்து பாதி தூரம் திரும்பி வாருங்கள். முழுக் கருமையும் முழு வெண்மையும் எல்லாப் படத்திலும் இருந்தே தீர வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பவர்கள் உண்டு. மார்கழிப் பனியில் எடுத்த படத்தில் முழுக் கருமையைத் திணித்தால் பனியே காணாமல் போகும்.

8. அச்சு

திரையில் பார்த்ததோடு நிறுத்திவிட வேண்டாம். ஏ3 அளவுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்றால் 3,508க்கு 4,961, அதாவது 17 மெகாபிக்சலுக்குச் சற்று மேல் தேவை. 240 புள்ளிகளுக்கு 11 மெகாபிக்சல் போதும். சாதாரணக் கலர் லேப் அச்சில் கறுப்பு வெள்ளைப் படம் பச்சை அல்லது ஊதாச் சாயலோடு வருவது வழக்கம். பருத்தித் தாளில் நிறமி மையால் அச்சிடும் இடத்தைத் தேடி, ஏ3 ஒன்றுக்கு ரூ.500 முதல் ரூ.1,000 வரை கொடுக்கத் தயாராகுங்கள். முதலில் நிழற்பகுதியின் சிறு துண்டு ஒன்றை மட்டும் சோதனையாக அச்சிடச் சொல்லி, அதைக் கடையின் குழல் விளக்கில் பார்க்காமல் வாசலுக்கு எடுத்து வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

9. காட்சிக்கு வைப்பதும் பதிவு செய்வதும்

சட்டமிட ஒரு படத்துக்கு ரூ.800 முதல் ரூ.2,000 வரை ஆகும். பன்னிரண்டு படங்கள் கொண்ட தொகுப்புக்கு அச்சும் சட்டமும் சேர்ந்து ரூ.15,600 முதல் ரூ.36,000 வரை என்று கணக்கு வையுங்கள். அரங்க வாடகை தனி. கிரீம்ஸ் சாலையிலுள்ள லலித் கலா அகாதெமி மண்டல மையத்தின் காட்சிக்கூடம் போன்றவற்றுக்குப் பல மாதங்கள் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். 2016-இல் தொடங்கிய சென்னை புகைப்பட பியனாலே (ஈராண்டு விழா) போன்ற நிகழ்வுகளின் அழைப்புகளையும் கவனித்து வாருங்கள். அழைப்புக்கு அனுப்பும்போது ரிப்பன் கட்டடம், மெரினா, பறக்கும் ரயில் என்று ஊர்ச்சுற்றல் பட்டியலாகத் தராமல், முதற்படியில் எழுதிவைத்த ஓர் உணர்வுக்குப் பொருந்துபவற்றை மட்டும் அனுப்புங்கள். தேர்வாளர்கள் தொகுப்பைத்தான் பார்க்கிறார்கள்.

பதிப்புரிமை படமெடுத்த கணமே உங்களுக்கு உரியது, பதிவு கட்டாயமில்லை. விற்பனைக்கு வரும் சில படங்களை மட்டும் பதிவு செய்ய விரும்பினால், பதிப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்தில் படிவம் 14-ஐ நிரப்பி, கலைப்படைப்பு ஒன்றுக்கு ரூ.500 கட்டணம் செலுத்துங்கள். பொருள்களின் மேல் பயன்படுத்தும் படமென்றால் கட்டணம் ரூ.2,000. விண்ணப்பத்துக்குத் தரும் நாட்குறிப்பு எண் (டைரி எண்) கிடைத்த பிறகு ஆட்சேபங்களுக்காக 30 நாள் காத்திருப்பு உண்டு. அந்த 30 நாளுக்குள் நினைவூட்டல் அனுப்பிப் பயனில்லை. அது முடிந்த பிறகு, அந்த எண்ணைக் கொண்டு நிலையைப் பார்க்கத் தொடங்குங்கள்.